எதிர்க்கட்சி உறுப்பினரும் சயான் பாலமும்

மும்பையில் வாழும் தமிழருக்குச் சயானை அறிமுகம் செய்துவைக்க வேண்டுவதில்லை. மாதுங்காவிலிருந்து வடக்கே செல்பவரும், செம்பூரிலிருந்து தெற்கே வருபவரும், தாராவியிலிருந்து கிழக்கே பிழைப்புக்குப் போகிறவரும் பெரும்பாலும் சயானைத் தொட்டே செல்ல வேண்டும். மும்பைத் தமிழ்ச் சங்கம் அமைந்திருப்பதும் இங்கேதான். மராத்தி மொழியில் இவ்வூருக்குச் 'சீவ்' என்று பெயர். எல்லை என்பது அதன் பொருள். பதினேழாம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் வசமிருந்த பம்பாய்ப் பகுதி முடிந்து, போர்த்துக்கீசியர் வசமிருந்த சாஷ்டித் தீவு தொடங்கும் இடமாக இது இருந்தது. அந்த எல்லையைக் காக்க எழுப்பிய கோட்டை இன்னும் குன்றின்மேல் நிற்கிறது.

கோட்டைக்கு வேலை போய்விட்டது, எல்லைகள் போகவில்லை. சயானில் ரயில் பாதைக்கு மேலே செல்லும் பாலம் ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் பொதுவானது. 1947இல் தொடங்கிய லோகமான்ய திலகர் பொது மருத்துவமனை, அதாவது நாம் சயான் ஆஸ்பத்திரி என்று அழைக்கும் மருத்துவமனை, மாநகராட்சியின் பொறுப்பு. பக்கத்தில் உள்ள தாராவியின் மறுசீரமைப்பு மாநில அரசின் திட்டம். ஆயினும் அதற்கு வேண்டிய நிலத்தில் ஒரு பகுதி மத்திய அரசினுடையது. ஏழை முதியவருக்குக் கிடைக்கும் உதவித் தொகையில் மத்திய அரசுக்கு ஒரு பங்கு, மாநில அரசுக்கு ஒரு பங்கு. இவ்வாறு ஒவ்வொரு காரியமும் ஏதோ ஓர் எல்லையில் நிற்கிறது. குறையைச் சொல்லப் போனவரை ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்கு அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது.

இந்நிலையில் நம்மவர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நம் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். ஆட்சி அவர் கையில் இல்லை. அவர் மக்களவையில் பேசுவதால் நமக்கு ஆவதென்ன?" என்பதே அது. கேள்வி நியாயமானது. மும்பையில் மட்டுமன்றி, டில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் தமிழரும் கேட்கக்கூடியது. அவருடைய பேச்சுக்கு எவ்வளவு பலம் உண்டு, எவ்வளவு இல்லை என்பதை இங்கே சற்று விளக்குவோம்.

முதலில் தொகுதியைப் பார்ப்போம். 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறைக்குப் பின் சயான் கோலிவாடா, தாராவி, வடாலா, மாஹிம், செம்பூர், அணுசக்தி நகர் ஆகிய ஆறு சட்டமன்றப் பகுதிகளும் சேர்ந்து மும்பை தென்மத்தியத் தொகுதி ஆயின. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் இங்கு வென்றவர் சிவசேனையின் உத்தவ் தாக்கரே பிரிவைச் சேர்ந்த அனில் தேசாய். எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தவர். அண்டையிலுள்ள மும்பை வடமத்தியத் தொகுதியில் வென்றவர் காங்கிரசைச் சேர்ந்த வர்ஷா காய்க்வாட். இருபது ஆண்டுகள் தாராவியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர், அவரும் எதிர்க்கட்சியே. இருவருமே தாராவித் திட்டத்தைக் கடுமையாகக் குறைகூறியவர்கள். அவர்களுடைய கருத்து சரியா தவறா என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. அவ்வாறு குறைகூறும் ஓர் உறுப்பினருக்குச் சட்டம் எந்தெந்தக் கருவிகளைத் தந்திருக்கிறது என்பதே நாம் காண்பது.

சயான் பாலத்தையே உதாரணமாகக் கொள்வோம். 1853 ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணேக்குச் சென்ற முதல் ரயில் இவ்வழியாகவே சென்றது. பாதைக்கு மேலான பாலம் 1912இல் கட்டப்பட்டது. அது வலுவிழந்துவிட்டது என்று மும்பை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆராய்ந்து கூறினர். ஐந்தாவது, ஆறாவது ரயில் பாதைகளை அமைப்பதற்கும் பழைய பாலம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே அதை இடித்துப் புதிதாகக் கட்டத் தீர்மானித்தார்கள். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மூடுவதாக இருந்தது; மாணவர்களின் பொதுத் தேர்வு, மக்களின் ஆட்சேபம், பிறகு தேர்தல் என்று தள்ளிப்போய், 2024 ஆகஸ்டு 1ஆம் நாள் வாகனங்களுக்கு மூடப்பட்டது. அன்று முதல் பேருந்துகள் சுற்றுவழியில் சென்றன. தாராவியிலிருந்து கிழக்கே வேலைக்குப் போனவர்களுக்கு இரண்டு செலவுகள் கூடின. ஒன்று காலம், மற்றொன்று கட்டணம்.

இதில் பாதைக்கு மேலே வரும் பகுதி ரயில்வேயின் வேலை. இருபுறமும் பாலத்தில் ஏறும் சாலை மாநகராட்சியின் வேலை. ரயில்வே மத்திய அரசின் துறை. ஆகவே அந்தப் பகுதியைப் பற்றி உறுப்பினர் மக்களவையில் கேட்கலாம். அமைச்சர் பதில் கூறியாக வேண்டும். சாலையில் தேங்கும் மழைநீரைப் பற்றியோ, ஆஸ்பத்திரியில் படுக்கை குறைவு என்பது பற்றியோ அவர் அங்கே கேட்டால், அது மத்திய அரசின் பொறுப்பன்று என்று கேள்வி ஏற்கப்படாமல் போகலாம். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலங்களின் பட்டியலில் இருப்பவை. 2022 மார்ச்சில் மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக் காலம் முடிந்தபின் மூன்றாண்டுகளுக்கும் மேலாக மும்பையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. ஆணையரே நிர்வாகியாகவும் இருந்தார். அக்காலத்தில் சாக்கடை முதல் சாலை வரை எல்லாக் குறையும் பாராளுமன்ற உறுப்பினரின் வாசலுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் அவர் கேட்கக்கூடியது எது, கூடாதது எது என்ற எல்லை அதனால் மாறிவிடவில்லை.

தாராவியிலும் இந்த நுட்பம் உண்டு. திட்டம் மாநில அரசினுடையது. எனினும் ரயில்வே நிலம் அதற்காகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தாராவியிலேயே வீடு பெறத் தகுதியில்லாதவர்களைக் குடியமர்த்துவதற்காகச் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தைத் தர மத்திய அரசு 2024இல் இசைந்தது. நிலம் மத்திய அரசினுடையதாகையால், எந்த நிபந்தனையின் பேரில், எவ்வளவு விலைக்கு, யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்று கேட்க மக்களவை உறுப்பினருக்கு உரிமை பிறந்துவிடுகிறது. கேள்வியை எந்த வாசலில் வைப்பது என்று அறிந்த உறுப்பினரே பயனுள்ள உறுப்பினர்.

கேள்வி நேரம் என்பது அவை கூடும் நாட்களில் முதல் ஒரு மணி நேரம். உறுப்பினர் குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன்னதாக எழுத்தில் கேள்வி கொடுக்க வேண்டும். வரும் கேள்விகள் மிகுதியாகையால் குலுக்கல் முறையில் வரிசை முடிவாகிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியுடன் எடுத்துக்கொள்ளப்படும். இவற்றுக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் கூறுவார், துணைக் கேள்விகளும் கேட்கலாம். 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். இங்கே ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேற்றுமை இல்லை. குலுக்கல் இருவருக்கும் ஒன்றே.

பதில் கூறும்போது அமைச்சர், "ஆவன செய்வோம்", "பரிசீலனையில் உள்ளது" என்று கூறுவதுண்டு. கேட்பவருக்கு இது காற்றில் போகும் சொல்லாகத் தோன்றும். அவ்வாறு போய்விடாமலிருக்கவே 1953ஆம் ஆண்டு முதல் மக்களவையில் அரசு உறுதிமொழிகள் பற்றிய குழு ஒன்று இயங்கி வருகிறது. அவையில் அமைச்சர் தந்த வாக்குறுதிகளைத் தொகுத்து, மூன்று மாதங்களுக்குள் நிறைவேறினவா என்று அது பார்க்கிறது. நிறைவேறாதவற்றுக்குக் காரணம் கேட்கிறது. பொதுக்கூட்டத்தில் கொடுத்த வாக்குக்கு இத்தகைய காவல் கிடையாது.

இனி பணத்தைப் பற்றிப் பார்ப்போம். நலத் திட்டத்துக்கு ஒதுக்கீடு குறைந்தால் எதிர்க்கட்சி உறுப்பினரால் அதைக் கூட்ட முடியுமா? முடியாது. அரசியல் சட்டத்தின் 113ஆவது பிரிவின்படி மானியக் கோரிக்கைகள் குடியரசுத் தலைவரின் பரிந்துரையின் பேரிலேயே, அதாவது அமைச்சரவை முடிவு செய்த பின்னரே, வர முடியும். மக்களவை அவற்றை ஏற்கலாம், மறுக்கலாம், குறைத்து ஏற்கலாம். ஒரு காசு கூட்டுவதற்கு மட்டும் வழியில்லை. மாநிலங்களவைக்கு இக்கோரிக்கைகளின்மீது வாக்கே கிடையாது.

இதனால் ஒரு விசித்திரம் நிகழ்கிறது. முதியோர் உதவித் தொகை போதவில்லை என்று முறையிட விரும்பும் உறுப்பினர், அத்துறையின் கோரிக்கையை இன்னும் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுக்க வேண்டியவராகிறார். இதற்கு 'வெட்டுத் தீர்மானம்' என்று பெயர். மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு இச்சொல் சற்றுத் தொல்லை தருவது. ஏழைகளின் தொகையை வெட்டச் சொல்கிறாரோ என்று படிப்பவர் மயங்கிவிடுவர். உண்மையில் இவை மூவகைப்படும். கோரிக்கையை ஒரே ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்பது ஒன்று. அந்தத் துறையின் கொள்கையையே ஏற்கவில்லை என்பது அதன் பொருள். குறிப்பிட்ட ஒரு தொகையைக் குறைக்க வேண்டும் என்பது இரண்டாவது. சிக்கனம் வேண்டும் என்பது பொருள். நூறு ரூபாய் குறைக்க வேண்டும் என்பது மூன்றாவது. இன்ன குறை இருக்கிறது, அதைப் பேச வேண்டும் என்பது மட்டுமே பொருள். சயான் பாலத்தின் தாமதத்தையோ, முதியோர் தொகையின் போதாமையையோ எழுப்ப ஏற்றது இந்த மூன்றாவது வகை. நூறு ரூபாய் போனால் ரயில்வேக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அந்த நூறு ரூபாயைச் சாக்காகக் கொண்டு ஒரு பாலத்தின் கதையை நாட்டின் மன்றத்தில் சொல்ல இடம் கிடைக்கிறது.

வெட்டுத் தீர்மானம் நிறைவேறினால் அமைச்சரவைமீது அவைக்கு நம்பிக்கை இல்லை என்றே கொள்ளப்படும். ஆகவே பெரும்பான்மையுள்ள அரசு அதனை நிறைவேற விடாது. 2010 ஏப்ரல் 27ஆம் நாள், பெட்ரோல், டீசல் விலை உயர்வை எதிர்த்து அன்றைய எதிர்க்கட்சிகள் வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்தபோது, ஆதரவாக 201 வாக்குகளும் எதிராக 289 வாக்குகளும் விழுந்தன. அன்று எதிர்க்கட்சியாக இருந்த பாரதிய ஜனதாக் கட்சி பின்னர் ஆளுங்கட்சியாயிற்று; அன்று ஆண்ட காங்கிரஸ் எதிர்வரிசைக்குப் போயிற்று. கருவி ஒன்றே, அதை ஏந்தும் கைகள் மாறுகின்றன. ஆகவே அக்கருவி கூர் மழுங்காமலிருப்பது எல்லாக் கட்சிக்கும் நன்மையானது.

கூர் மழுங்குவதும் உண்டு. ஏறக்குறைய நூறு கோரிக்கைகளில் சிலவற்றையே அவை விவாதிக்கிறது. குறித்த நாளில் குறித்த நேரம் வந்ததும், எஞ்சியவை எல்லாம் விவாதமின்றி ஒருசேர வாக்குக்கு விடப்படும். தலைவெட்டும் கருவியின் பெயரால் இதைக் 'கில்லட்டின்' என்பர். 2018 மார்ச் மாதத்திலும் 2023 மார்ச் மாதத்திலும் எல்லாக் கோரிக்கைகளுமே இவ்வாறு விவாதமின்றி நிறைவேறின. அமளியால் அவை நடக்கவில்லை. காரணம் நீயே என்று இரு தரப்பும் ஒன்றையொன்று சுட்டின. காரணம் யாராயினும், இழப்பு ஒருவருக்கே. கொடுத்திருந்த வெட்டுத் தீர்மானங்களோடு, எங்கோ ஒரு தெருவின் குறையும் பேசப்படாமல் போயிற்று.

நலத் திட்டங்களில் வெட்டு என்பது எப்போதும் வெட்டு என்ற பெயரோடு வருவதில்லை என்பதையும் நேயர்கள் அறிய வேண்டும். மூன்று இடங்களில் அது ஒளிந்திருக்கும். தொடக்கத்தில் போட்ட மதிப்பீடு ஒன்று. ஆண்டின் நடுவில் திருத்திய மதிப்பீடு ஒன்று. உண்மையில் செலவானது ஒன்று. முதலாவது பெரிதாகவும் மூன்றாவது சிறிதாகவும் இருந்தால், அறிவிப்பே இல்லாமல் வெட்டு நிகழ்ந்துவிட்டது. இதைவிட அமைதியான வெட்டு மற்றொன்று உண்டு. தொகையை மாற்றாமலே விட்டுவிடுவது. தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியபோது ஏழை முதியவருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 75 ரூபாய். பின்னர் அது 200 ரூபாயாயிற்று. அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரை உள்ளோருக்கு 2024-25ஆம் ஆண்டிலும் மத்திய அரசின் பங்கு அதே 200 ரூபாய்தான். இடைப்பட்ட காலத்தில் அரிசி, பருப்பு, மருந்து எதுவும் அதே விலையில் நிற்கவில்லை. யாரும் எதையும் வெட்டவில்லை. ஆயினும் கிழவியின் பானையில் அரிசி குறைந்துவிட்டது. மாநில அரசுகள் தம் பங்கைக் கூட்டித் தருவதால் ஊருக்கு ஊர் தொகை வேறுபடுகிறது.

இதைக் கண்டு சொல்லும் வேலை பெரும்பாலும் அவையில் நடப்பதில்லை, நிலைக்குழுக்களில் நடக்கிறது. 1993 முதல் துறைவாரியாக அமைந்த இக்குழுக்களில் எல்லாக் கட்சியினரும் இருக்கிறார்கள். சிலவற்றுக்கு எதிர்க்கட்சியினரே தலைவர்கள். அங்கே அதிகாரிகள் நேரில் வந்து கணக்குச் சொல்ல வேண்டும். ஊரக வளர்ச்சிக்கான நிலைக்குழு இந்த 200 ரூபாயை உயர்த்த வேண்டும் என்று பலமுறை பரிந்துரை செய்திருக்கிறது. தொகை உயரவில்லை, எனினும் அரசு அதற்கு எழுத்தில் விளக்கம் தரவேண்டியதாயிற்று.

தனி ஒருவரின் வாதம் அரசைக் கணக்குப் போட வைத்த வரலாறும் நம் மக்களவையில் உண்டு. 1963இல் இடைத்தேர்தலில் வென்று வந்த டாக்டர் ராம் மனோகர் லோகியா, நாட்டில் இருபத்தேழு கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்றணாவில் வாழ்கிறார்கள் என்று கூறினார். அரசுத் தரப்பு, பதினைந்தணா என்றது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆசாரிய கிருபளானி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 62க்கு 347 என்ற வாக்குகளில் தோற்றது. ஆனால் மூன்றணா வாதம் தோற்கவில்லை. ஏழையின் வருமானம் எவ்வளவு, அதை எப்படிக் கணக்கிடுவது என்பது நாடு முழுவதும் பேசும் விஷயமாயிற்று. வாக்கில் தோற்றும் கணக்கில் வெல்லலாம் என்பதற்கு இது சான்று.

உள்ளூர் வேலைகளுக்கு உறுப்பினர் நேராகப் பரிந்துரைக்கக்கூடிய பணம் ஒன்றும் உண்டு. தொகுதி மேம்பாட்டு நிதி என்னும் அது 1993 டிசம்பரில் தொடங்கியது. 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். உறுப்பினர் வேலையைச் சொல்லலாம்; பணம் அவர் கைக்கு வராது; மாவட்ட நிர்வாகமே செலவிடும். சட்டம் இயற்றுபவர் சாலை போடலாமா என்ற ஆட்சேபமும் உண்டு. இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் இந்நிதியையே நிறுத்திவிடலாம் என்றது. 2010இல் உச்ச நீதிமன்றம் இது சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

2020 ஏப்ரல் 1ஆம் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அடுத்த சில வாரங்களில் சயான் ஆஸ்பத்திரி தாங்கிய பாரத்தை நாடே அறியும். ஏப்ரல் 6ஆம் நாள் மத்திய அமைச்சரவை தொகுதி நிதியை இரண்டாண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. ஏறக்குறைய 790 உறுப்பினர், ஆளுக்கு ஆண்டுக்கு 5 கோடி, இரண்டு ஆண்டு. ஆக 7,900 கோடி ரூபாய். நோயை எதிர்க்கப் பொது நிதியில் பணம் சேர வேண்டும் என்பது அரசின் வாதம். 2020 செப்டம்பரில் உறுப்பினர்களின் சம்பளத்தை முப்பது சதவீதம் குறைக்கும் மசோதா வந்தபோது, சம்பளத்தைக் குறையுங்கள், தொகுதி நிதியைத் திருப்பித் தாருங்கள் என்று எதிர்க்கட்சியினர் வற்புறுத்தினர். எந்த ஆஸ்பத்திரிக்கு எது உடனே வேண்டும் என்பதை உள்ளூர்க்காரரே அறிவர் என்பது அவர்கள் வாதம். அந்தக் கூட்டத்தொடரில் நோயின் காரணமாகக் கேள்வி நேரமே நீக்கப்பட்டிருந்தது. எழுத்தில் மட்டும் பதில் வந்தது. 2021 நவம்பரில், குறித்த காலம் முடியுமுன்பே, நிதி மீண்டும் உயிர்பெற்றது. அந்த ஆண்டின் எஞ்சிய பகுதிக்கு ஆளுக்கு 2 கோடி தரப்பட்டது. உறுப்பினர்களின் வற்புறுத்தலே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நிறுத்தியதற்கு நியாயம் கேட்கவும் சொல்லவும் மன்றம் ஒன்று இருந்தது.

நம்மவருக்கு மேலும் ஒரு செய்தி. உறுப்பினர் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் பேச வேண்டும் என்பதில்லை. 120ஆவது பிரிவின்படி, அவ்விரு மொழிகளிலும் கருத்தை நன்கு வெளியிட இயலாதவர் அவைத் தலைவரின் அனுமதியுடன் தாய்மொழியில் பேசலாம். தமிழில் பேசியது உடனுக்குடன் மொழிபெயர்க்கப்படும். ஆகவே தாராவித் தமிழர் தம் உறுப்பினருக்குத் தமிழிலோ மராத்தியிலோ எழுதித் தரும் குறை, மொழியால் மட்டும் அவையை எட்டாமல் போகத் தேவையில்லை.

அந்தக் குறையை எழுதும் முறையில்தான் பயன் இருக்கிறது. "எங்கள் பகுதியைக் கவனியுங்கள்" என்று எழுதினால் உறுப்பினரால் ஒன்றும் செய்ய இயலாது. "இன்ன பாலம், இன்ன தேதியில் மூடப்பட்டது, ரயில்வேயின் பகுதி எப்போது முடியும், இதுவரை செலவானது எவ்வளவு" என்று எழுதினால் அது ஏறக்குறைய கேள்வியாகவே அமைந்துவிடும். தேதியும் தொகையும் உள்ள கேள்விக்குத் தேதியும் தொகையும் இல்லாத பதில் வந்தால், குறை யாரிடம் என்பது வெளிப்படும். பதில்கள் பாராளுமன்ற இணையத்தளத்தில் யாவரும் படிக்கும்படி வைக்கப்படுகின்றன. அடுத்த முறை ரயில்வே அலுவலகத்துக்குப் போகும்போது, அமைச்சரின் பதிலையே கையில் எடுத்துச் செல்லலாம்.

பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நம்மில் பலர் வாக்கை மட்டும் சொந்த ஊரிலேயே விட்டுவைத்திருக்கிறோம். ஒருவருக்கு ஓரிடத்தில்தான் வாக்கு என்பது சட்டம். எங்கே குடியிருக்கிறோமோ அங்கே பதிந்துகொள்ள உரிமை உண்டு. ரேஷன் அட்டைக்கு இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. 2022க்குள் எல்லா மாநிலங்களும் ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டதால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் திருநெல்வேலி அட்டைக்குத் தாராவிக் கடையில் தானியம் வாங்கலாம். வாக்கு அவ்வாறு கூடவே வருவதில்லை. நாம்தான் அதைக் கொண்டுவர வேண்டும். ஊரில் வாக்குள்ளவர் சயான் பாலத்தைப் பற்றி எழுதக் கூடாது என்பதில்லை. யார் எழுதினாலும் உறுப்பினர் படிக்கலாம். ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை, அந்தத் தொகுதியின் பட்டியலில் பெயருள்ளவருக்கே உண்டு.